பத்தாவது ஆள்

துபாயில் யூதப் பிள்ளைகள் படிக்கும் மதப் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறேன். இன்று காலை எட்டுப் பெரிய பையன்கள் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"பத்துப் பேர் இருந்தாதான் கூட்டுப் பிரார்த்தனை. என்னையும் சேத்து ஒன்பது பேர்தான். ஒருத்தன் வீட்ல தூங்குறான், போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார் வாத்தியார்.

எனக்கு வயிறெரிந்தது. சின்ன வயதில், மார்கழி பஜனைக்கு நான் முகம் கழுவி ஓடுவதற்குள் ஜால்ராச் சத்தம் இரண்டு தெரு தாண்டியிருக்கும். கோயில் வாசலில் நெய் மணக்கும் காலித் தொன்னைகள்தான் கிடக்கும். ஜால்ரா தட்டியதே என் அண்ணன்தான்.

"ஏண்ணா என்னை எழுப்பல?"

"நீ வரலன்னா பஜனை நின்னுடுமா?"

வேனில் ஏறிய பையன் கொட்டாவி விட்டான். வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். போய்ச் சேர்ந்தபோதும் அவர்கள் தொடங்கியிருக்கவில்லை.