இஞ்சி போட்ட மரவள்ளிக் குழம்பு

திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக இலங்கையின் மாத்தளைக்குக் குடும்பத்தோடு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மனைவி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்ததால் இரண்டு பிள்ளைகளுக்கும் நானே சமைத்தேன். அரிசி கிடைக்காத காலம். அந்த ஞாயிறு மதியம் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து, சரியாக ஓர் அங்குல இஞ்சி தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தேன்.

பரிமாறும்போது பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா ரஹ்மா ராத்தா வந்தார். வாசம் பிடித்ததும் பிள்ளைகளின் தட்டுகளைப் பிடுங்கினார். சட்டியோடு குழம்பைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எம் புள்ளைங்க சாப்பாட்டக் கொட்ட நீங்க யாரு?"

"மரவள்ளிக்கு இஞ்சி போடுவாங்களா தம்பி? வெஷம்! புள்ளைங்களுக்கு ஏதாவது ஆனா அவங்க உம்மாவுக்கு என்ன சொல்லுவீங்க?"

"ஒங்க ஊரு மூடநம்பிக்கைய எங்கிட்டக் காட்டாதீங்க. வெளிய போங்க!"

போனவர் பத்து நிமிடத்தில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்தார். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். பிள்ளைகள் வெறும் தேநீர் குடித்தார்கள்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் மனைவியிடம் பொருமினேன். அவள் பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"இஞ்சியா? இங்க யாரும் சேக்க மாட்டாங்க. வந்த வாரமே ராத்தா எங்கிட்டச் சொன்னாங்க. நாந்தான் ஒங்களுக்குச் சொல்லல."

வீடு திரும்பியபோது, போகையில் நான் தொடாமல் தாண்டிப் போன ரொட்டித் தட்டு வாசற்படியிலேயே மூடியபடி இருந்தது. அது ராத்தா வீட்டு மதியச் சாப்பாடு என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அந்தச் சேர்க்கை உண்மையில் விஷமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று என் பிள்ளைகளைப் பட்டினி போட்டது ராத்தா அல்ல, நான். என்மேல் எனக்கு வந்த கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.