பைனாகுலரில் ஒன்பது படங்கள்

புனே கேம்ப்பில் ஒரு கண்ணாடிக் கடையில் பதினோரு வருஷம் கவுண்டரில் நின்றேன். அதனால் கண்ணோ லென்ஸோ சம்பந்தப்பட்ட எது வீட்டுக்கு வந்தாலும் என் தலையில்தான் விழும். அப்பாவின் பைனாகுலரும் அப்படித்தான் விழுந்தது.

டிஜிட்டல் கேமரா அப்போதுதான் எல்லார் கையிலும் வர ஆரம்பித்திருந்தது. இது அதிலும் விசேஷம். பைனாகுலருக்குள்ளேயே கேமரா. மேலே மூடியைத் தூக்கினால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஸ்கிரீன். நான் கடையிலிருந்து வந்தபோது அப்பா அதைக் கட்டில் மேல் பரப்பி வைத்திருந்தார்.

"உன் தம்பி அனுப்பி இருக்கான். அமெரிக்காவுல இருந்து வந்த ஒரு ஆளு மத்தியானம் கொண்டாந்து குடுத்துட்டுப் போனான். நீ செட் பண்ணிக் குடு."

அப்பாவுக்கு விமானம் பார்ப்பதில் கிறுக்கு. கட்கியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால், விமான் நகர் பக்கம் இறங்குகிற விமானங்கள் தூரத்தில் தெரியும். ரிட்டையர் ஆன பிறகு அதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் கேமரா என்றதும் கொஞ்சம் பயந்தார். "ஃபாக்டரி பக்கம் மட்டும் திருப்பாதம்மா" என்றார். வெடிமருந்து ஃபாக்டரியில் முப்பத்தாறு வருஷம் வேலை செய்தவர். அங்கே என்ன செய்தார் என்று ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை. அம்மா கேட்டாலும் சொல்ல மாட்டார். எனக்கு அதில் பெருமை. எங்கள் அப்பா வாயைத் திறந்தால் சாப்பிட மட்டும்தான் என்று ஸ்கூலில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கையேட்டைப் படித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் இரண்டு பக்கத்தையும் மடக்கி, பார்க்கிறவரின் கண்மணி இடைவெளிக்குச் சரிசெய்ய வேண்டும். அப்பாவுக்கு அறுபத்து நாலு மில்லிமீட்டர். அவருக்கு மூன்று கண்ணாடி போட்டுக் கொடுத்தவள் நான், அளந்து பார்க்கவே வேண்டாம். அடுத்து இடது கண்ணுக்கு நடுச் சக்கரம். பிறகு வலது கண்ணுக்குத் தனியாக ஒரு வளையம். புதிய பைனாகுலரில் அந்த வளையம் பூஜ்யத்தில் நிற்கும். இது இரண்டு கோடு தள்ளி நின்றது.

கடையில் இந்த மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன். வலது கண்ணில் பவர் அதிகம் இருப்பவர்கள் இப்படித்தான் திருப்புவார்கள். தம்பிக்கு வலது கண்ணில் பவர் அதிகம். அவன் காலேஜில் படிக்கும்போது முதல் கண்ணாடி வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

பேட்டரி போட்டேன். தேதியை நிரப்பச் சொல்லும் என்று கையேட்டில் இருந்தது. அது எதையும் கேட்கவில்லை. சரியான தேதியைக் காட்டிக்கொண்டு நின்றது. மூலையில் ஒன்பது என்று ஒரு எண். மெமரி கார்டு ஏற்கனவே உள்ளே இருந்தது.

முதல் ஐந்து படம் விமானம், வானம், ஒரு உயரமான பால்கனியின் கம்பி. ஆறாவதில் தம்பியின் மாமனார். ஏழாவதில் அடுப்பில் ஒரு பானை, பால் பொங்கி வழிகிறது. எட்டாவதில் தம்பியும் அவன் பெண்டாட்டியும் மாலையோடு. தூரத்தில் இருப்பதை எடுக்கச் செய்த கேமரா. வீட்டுக்குள் எடுத்ததெல்லாம் மங்கல். ஒன்பதாவதும் மங்கல்தான். ஆனாலும் சோபாவில் உட்கார்ந்திருந்த ஆளின் மெரூன் நிற மங்கி கேப்பை எனக்குத் தெரியாதா? குளிருக்கு ஸ்வெட்டர் விற்க வருகிற திபெத்துக்காரியிடம் பேரம் பேசி அப்பாவுக்கு நான் வாங்கியது. பட்டு வேட்டி நான் இஸ்திரி போட்டது. கையில் லட்டுத் தட்டு.

படத்தின் தேதியைப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை. தேகு ரோட்டில் பழைய கூட்டாளி மகளுக்குக் கல்யாணம் என்று அப்பா கிளம்பிப் போன நாள்.

அம்மா செத்தபோது தம்பி வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான். அம்மாவின் கடைசி ஏழு மாதம் பீயும் மூத்திரமும் அள்ளியவள் நான். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக அவன் இந்தியாவுக்கே வரவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவளும் நான்தான்.

"இது புதுசு இல்லப்பா."

"புதுசுதாம்மா. டப்பாவப் பாரு."

"டப்பா புதுசு. உள்ள தம்பி கண்ணு இருக்குது."

ஸ்கிரீனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"இது யாரு?"

"இவ்ளோ சின்னதா எனக்குத் தெரியாதும்மா."

"நான் சொல்றேன். மெரூன் குல்லா. பட்டு வேட்டி. தேகு ரோட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளை யாரு, தம்பியா?"

எழுந்து போய் டி.வி.யை அணைத்துவிட்டு வந்தார். "விமான் நகர்ல ஃபிளாட் வாங்கி இருக்கான். பால் காய்ச்சினாங்க. மூணு நாள்தான் இருந்தான், போயிட்டான். இதையும் அங்கதான் குடுத்தான்."

"என்னை ஏன் கூப்பிடல?"

"நீ வந்தா பேசுவ. சம்பந்தி ஜனம் முன்னால, அம்மா சாவுக்கு ஏன்டா வரலன்னு கேப்ப."

"கேட்டிருப்பேன்."

"அதான்."

கட்கியிலிருந்து விமான் நகர் ஆட்டோவில் அரை மணி நேரம். வந்தவன் ஒருநாள் சாயங்காலம் வந்து அம்மா படத்துக்கு ஒரு பூ வைத்திருக்கலாம். அவனை விடுங்கள், அவன் அப்படித்தான். எனக்கு வயிறு எரிந்தது அப்பாவை நினைத்துத்தான். பைனாகுலரை ஒரு வாரம் டிரங்குப் பெட்டியில் ஒளித்து வைத்து, நான் இல்லாத நேரத்தில் அமெரிக்காவிலிருந்து வராத ஒரு ஆளைப் பேச்சிலேயே வரவழைத்து, அவனைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறார். அந்த ஒரு வாரமும் நான் சமைத்த ரசத்தைச் சாப்பிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஃபாக்டரியில் முப்பத்தாறு வருஷம் பழகிய வாய். யாரிடம் எதைச் சொல்லக்கூடாது என்று அதற்குத் தெரியும். நான் அந்த ஆட்களில் ஒருத்தி என்று எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

முதலில் உபயோகிக்கும் முன் கார்டை ஃபார்மட் செய்யவும் என்று கையேட்டில் போட்டிருந்தது.

"அழிச்சிடவா?" என்றேன்.

"இருக்கட்டும்மா" என்றார் உடனே. கொஞ்சம் பொறுத்து, "நீ பாத்தேன்னு அவன்கிட்ட சொல்லாத" என்றார்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழவில்லை. வளையத்தை அவர் கண்ணுக்குத் திருப்பிச் சரிசெய்து கொடுத்தேன். வேலை என்று வந்தால் நான் பாதியில் விடுகிறவள் இல்லை.

ஞாயிறு காலை தம்பி போன் செய்தான். "அக்கா, பைனாகுலர் வந்துச்சா? செட் ஆச்சா?"

அப்பா எதிரில் நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஆச்சு. உங்க வீட்டுப் பால் நல்லா பொங்கி இருக்கு. அம்மா பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்" என்றேன்.

ரிசீவரை அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு அப்பா வெளியே கிளம்பும்போது யார் வீட்டுக்கு என்று நான் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. பட்டு வேட்டியை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார். ஓரங்களில் சுருக்கம் அப்படியே நிற்கும். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.