ஒண்ணுக்கு மூணு

ஆந்திர எல்லையில் பாலசமுத்திரத்துப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் வேணுவைத்தான் தேடி வருவார்கள். அவன் பூசிய தொட்டி கசியாது. எப்படி என்று கேட்டால், கலவை என்பான். செங்கல் சுவருக்கு ஒன்றுக்கு ஆறு, பூச்சுக்கு ஒன்றுக்கு நாலு, தொட்டிக்கு ஒன்றுக்கு மூணு. ஒரு சட்டி சிமெண்ட் விழுந்தால் மூன்று சட்டி மணல் விழுந்தே ஆக வேண்டும். கண் மதிப்பு, கை மதிப்பு எல்லாம் அவனிடம் செல்லாது. பத்தாவது வரை தெலுங்கு மீடியத்தில் படித்தவன். 'நிஷ்பத்தி' என்று அங்கே நடத்திய விகிதப் பாடம் ஒன்றுதான் தனக்குச் சோறு போடுகிறது என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அவன் மனைவி ரூபா, அவனுடைய சொந்த அக்கா ரத்னம்மாவின் மகள். ரத்னம்மாவுக்கு நான்கும் பெண்கள், ரூபா கடைசி. முறை மாமன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுப்பானேன் என்று தம்பிக்கே கட்டிவைத்தாள். முதல் பிள்ளை யஸ்வந்த் பிறந்து ஆறேழு மாதத்திலேயே வெளுத்துப்போனான். பால் குடிக்கக்கூடத் தெம்பில்லை. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு தலசீமியா என்றார்கள். உடம்பில் நல்ல ரத்தம் தானாக ஊறாது. சில வாரங்களுக்கு ஒருமுறை அடுத்தவர் ரத்தத்தை ஏற்றியாக வேண்டும், உயிர் இருக்கும் வரைக்கும்.

அங்கே இந்த நோய்க்கென்று ஆலோசனை சொல்லும் மோகனப்ரியா மேடம் பொறுமையாக விளக்கினார். இந்தக் குறை அப்பாவிடமும் அம்மாவிடமும் பாதிப் பாதியாக ஒளிந்திருக்கிறது. பாதி இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு பாதியும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால்தான் நோய். வேறு வீடாக இருந்தால், உங்கள் வம்சத்திலிருந்து வந்தது என்று சம்பந்திகள் ஒருவரையொருவர் திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்வார்கள். இங்கே திட்டுவதற்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று இல்லை. மாமியாரும் அக்காவும் ஒரே ஆள். ரத்னம்மா தன் தலையிலேயே அடித்துக்கொண்டு அழுதாள்.

"நலுகுரிலோ ஒகரிகி," என்றார் மேடம். நாலு பேரில் ஒருவருக்கு. அடுத்தது உண்டானால் மூன்றாம் மாதத்துக்குள் வந்துவிடுங்கள், வயிற்றிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னார்.

ஊர் திரும்ப புத்தூர் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே வேணு கணக்குப் போட்டுவிட்டான். நாலில் ஒன்று என்றால் ஒன்றுக்கு மூணு. தொட்டிக் கலவை. சிமெண்ட் சட்டி முதலிலேயே விழுந்துவிட்டது. இனி விழுவது மூன்றும் மணல். வந்த துக்கத்தில் அந்தக் கணக்கு ஒன்றுதான் அவனுக்குப் பிடிமானமாக இருந்தது. அதை யாரிடமும் கேட்டுச் சரிபார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. சரிபார்த்தால் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் இருந்திருக்கலாம்.

யஸ்வந்துக்கு நாலு வயதானபோது ரூபா மறுபடி முழுகாமல் இருந்தாள். திருப்பதிக்குப் போகலாமா என்று அவளே கேட்டாள். சோதனைக்கென்று வயிற்றில் ஊசி குத்தினால் கரு கலைந்தாலும் கலையும் என்று வேணு எங்கோ கேள்விப்பட்டிருந்தான்.

"வர வேண்டியது வந்துட்ச்சிம்மே," என்றான். "இனிமே மூணும் நல்லதுதான். கணக்கு பொய் சொல்லாது."

அவள் நம்பினாள். வாந்தியும் மயக்கமுமாக இருந்ததால், ரத்தம் ஏற்ற பையனை வேணுவும் ரத்னம்மாவும்தான் மாறி மாறிக் கூட்டிப்போய் வந்தார்கள். ஐந்தாம் மாதம் பிறந்த பிறகுதான் ரூபா ஒருநாள் கூடப் போனாள். அவள் வயிற்றைப் பார்த்ததும் மேடம் சோதனை ரிப்போர்ட்டைக் கேட்டார்.

வேணு தன் கணக்கைத் தெலுங்கில் விவரித்தான், சட்டி கவிழ்ப்பதுபோல் கையைக்கூட ஆட்டிக் காட்டி. மேடம் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகத்தான் நாலில் ஒன்று, முன்னால் பிறந்தது பின்னால் பிறப்பதைக் காப்பாற்றாது என்றார். அவனுக்கு ஏறவில்லை. நாலில் ஒன்று என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதிதானே, அதற்காக ஒரு பெண் பிறந்தால் அடுத்தது ஆண்தான் என்று ஆகிவிடுமா என்று மேடம் கேட்டார்.

அதுவரை தலை குனிந்திருந்த ரூபா தமிழில் சொன்னாள்: "நானே அப்டிப் பொறந்தவதானே மாமா."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"மூணு பொண்ணு ஆய்ட்ச்சி, நாலாவது கட்டாயம் பையன்தான்னு சொல்லிக்கினுதான எங்கம்மா என்னைப் பெத்தா. பையன்னு நெனச்சி சாக்லேட் வாங்க ஓடுன நீ, சேதி கேட்டுட்டு பாதி வழியில திரும்பி வந்தியாமே."

அன்றைக்கு வேணுவுக்குப் பத்து வயது. கடைக்காரனிடம் கொடுக்காத காசை உள்ளங்கை வியர்க்க இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது அவனுக்கு நினைவு வந்தது. மேடம் நீட்டிய சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டான்.

ரூபாவின் வயிற்றில் ஊசி குத்தி, பிள்ளை மிதக்கும் நீரில் கொஞ்சம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வரத் தாமதமாகும், வந்த பிறகு யோசிக்க அதிக நாள் இருக்காது என்றும் எச்சரித்தார்கள்.

காத்திருந்த நாட்களில் அவன் வேலைக்குப் போனான். ஒருநாள் தொட்டிப் பூச்சுக்குக் கலந்துகொண்டிருந்தவன் எத்தனை சட்டி போட்டோம் என்பதை மறந்துவிட்டான்.

"இன்னா மேஸ்திரி, தொட்டிக்குப் பூசறியா, கோலத்துக்கு மாவு கலக்கறியா?" என்று கூட வேலை செய்த சந்துரு கிண்டல் செய்தான். வேணு குவியலில் கையைவிட்டு அள்ளினான். நன்றாகக் கலந்தால் எந்த மூலையில் அள்ளினாலும் ஒன்றுக்கு மூணுதான் வரும். ஒரு கைப்பிடியில் அத்தனை மணிகள். பிள்ளை கைப்பிடி இல்லை. ஒரே ஒரு மணி. ஒற்றை மணிக்குள் விகிதம் ஏது? ஒன்று சிமெண்ட், இல்லாவிட்டால் மணல். மேடம் சொன்னது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் மணல்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

போன் வந்தபோது வீட்டில் இருந்தான். ரூபா யஸ்வந்துக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மேடம் பேசியதற்கெல்லாம் அவன் "ஊம்" மட்டும் கொட்டினான். போனை வைத்த பிறகும் சுவரைப் பார்த்தபடியே நின்றான். அந்த முதுகைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இதற்கும் இரண்டு பாதியும் வந்து சேர்ந்துவிட்டது.

பெற்றுக்கொள்ளலாம், எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் குழறினான். ரூபா பையனின் புறங்கையைத் தூக்கிக் காட்டினாள். குத்திக் குத்திக் கன்றிப்போன கை.

"இதுலயே எடம் இல்லன்னு நர்சு தேடிக்கினு கீறாங்க. இன்னொரு கைய நான் புடிச்சிக் குடுக்க மாட்டேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "மூணாம் மாசமே போயிருந்தா இது அசையறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும் மாமா. இப்ப நேத்திலிருந்து ஒதைக்குது."

அவன் அழுதான். அவள் அழவில்லை. யஸ்வந்துக்கு ரத்தம் ஏற்றும் நாளும் நெருங்கியிருந்தது. இரண்டு வேலையும் ஒரே நடையில் முடியட்டும் என்று அவள்தான் சொன்னாள்.

விடிந்ததும் மூவரும் பஸ் ஏறினார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த யஸ்வந்த், "நைனா, அம்மாவுக்கும் ரத்தம் ஏத்துவாங்களா?" என்று வேணுவைக் கேட்டான். ரூபா ஒரு கையை வயிற்றின்மேல் வைத்தபடி மறுகையால் பையனின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"தூங்குடா," என்றாள். "ஆஸ்பத்திரி வந்தா எழுப்பறேன்."