அப்பா படித்த பஸ் போர்டுகள்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு, 1980களின் தொடக்கத்தில் பார்வையின் நடுப்பகுதி மங்கிப்போனது. எதிரே நிற்பவரின் காது தெரியும், மூக்கு தெரியாது. வயதானால் அப்படித்தான், கண்ணாடி போட்டும் பயனில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அப்பாவா கேட்பார்? முதலில் அந்த டாக்டர் தன் கண்ணைக் காட்டட்டும் என்றார்.

அரியலூரில் ஒருவர் கண்ணுக்குக் கரண்ட் வைத்தியம் செய்வதாகக் கேள்விப்பட்டு வாராவாரம் போனார். நானும் துணைக்குப் போவேன். மூடிய இமைகளின் மேல் ஈரப் பஞ்சை வைத்து, ஒரு பெட்டியிலிருந்து வரும் ஒயரை அதில் சேர்த்து, வைத்தியர் குமிழைத் திருகுவார். அப்பாவின் கண்ணுக்குள் பளிச் பளிச்சென்று வெளிச்சம் வெட்டும். பார்வை திரும்புகிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

சொன்னால் போதுமா? தினமும் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்து, வருகிற பஸ் போர்டையெல்லாம் படித்துக் காட்டினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்கு போட்டாள். நானோ போகிற வருகிறவர்களிடமெல்லாம் கரண்ட் வைத்தியத்தின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் தோழியின் கல்யாணத்துக்கு அரியலூர் கிளம்பினேன். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. கடகடவென்று ஒரு பஸ் வந்து நின்றது. அரியலூர் வண்டிதான், ஏறிக்கொள் என்றார் அப்பா. ஏறிவிட்டேன். கூட்டத்தில் நீந்தி கண்டக்டர் என்னிடம் வருவதற்குள் ஊர் தாண்டியிருந்தது.

"இது லப்பைக்குடிக்காடு போறதும்மா. அரியலூர் ரூட்ல ஓடின வண்டிய இன்னிக்குத்தான் இதுல மாத்தி வுட்டுருக்காங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷம் பஸ்களோடு குடித்தனம் நடத்திய மனுஷன், இத்தனை நாளும் படித்தது போர்டை அல்ல, இன்ஜின் சத்தத்தை.

நடுவழியில் இறங்கி, பட்டுப்புடவையோடு புளியமரத்தடியில் நின்று, எதிர்வண்டி பிடித்துத் திரும்பினேன். கல்யாணச் சாப்பாடு போன கோபத்தில் நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றிருந்தேன். நான் ஏறிய வண்டியின் போர்டைப் பார்த்த டீக்கடைக்காரர் அதற்குள் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"போர்டு ஒரு நாளும் தெரியலம்மா" என்றார் மெதுவாக. பிறகு, "ஒனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு. நீ ஏன் போர்டப் பாக்கல?" என்றார்.

அவருக்குப் பார்வை வந்துவிட்டதாக அவரைவிட நான்தான் நம்பியிருந்தேன்.