ஒரே ஒரு வாய்தா

நான் ஒரு முறை நீதிமன்றத்தில் எழுந்து நின்று, நீதிபதியின் முகத்துக்கு நேராக வாதாடியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்த வக்கீல்களெல்லாம் வாயடைத்துப் போனார்கள்.

சரி, பொய். வாயடைத்துப் போனது நான்தான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அது முடிவதற்குள், பேர் சொல்லிக் கூப்பிடுகிற டவாலி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். அக்குள் தையல் பிரிந்துபோனது. எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில் இன்றைக்கும் சிலர் அதை வாதாட்டம் என்று சொல்கிறார்கள் என்றால், அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான் என்பதால்தான். ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திடம் வாய்தா வாங்கிக்கொண்டு வந்தவன், இன்னும் ஆஜராகவில்லை. அப்படிப்பட்டவன் சட்டம் பேசினால் சட்டைதான் கிழியும்.

அந்த ஒரு வாக்கியம் என் அக்காவுக்காகச் சொன்னது. இப்போதும் அதே கோர்ட் வராண்டாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் அக்கா இருக்கிறாள். எங்களை இன்னும் கூப்பிடவில்லை. சும்மா இருந்தால் கோபத்தில் எதையாவது உடைத்துவிடுவேன் போலிருக்கிறது. அதனால்தான் இதையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன்.

அக்காவை மலையிலிருந்து அடிவாரத்து ஊரில் கட்டிக்கொடுத்தோம். மச்சானுக்குச் சொந்த நிலம், கிணறு, கைநீளம் எல்லாம் உண்டு. அந்தக் கை அடிக்கடி அவள்மேல் நீண்டதால், அக்கா மூன்று வயதுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். கொஞ்ச நாள் கழித்து மச்சான் பைக்கில் வந்தார். நல்ல மனிதர்போலக் காப்பி குடித்தார். “பாப்பாவுக்கு செம்மேட்டுல முட்டாய் வாங்கிக் குடுத்துட்டு வாரேன்” என்று பெட்ரோல் டேங்கின்மேல் உட்கார வைத்துக்கொண்டு போனார். இருட்டும்வரை அக்கா ரோட்டில் நின்றாள். அவர் செம்மேட்டுக் கடைவீதியில் நிற்கவே இல்லை, மலைப்பாதையின் அத்தனை வளைவும் இறங்கி அவர் ஊருக்கே போய்விட்டார். ஸ்டேஷனுக்குப் போனோம். “அப்பன்தான கூட்டிட்டுப் போயிருக்கான், திருடனா? கோர்ட்டுக்குப் போங்க” என்றார்கள். வந்தோம்.

அன்றிலிருந்து அவர்கள் பக்கம் கேட்ட வாய்தாக்களின் காரணங்களை மட்டும் வைத்து ஓர் ஆஸ்பத்திரி கட்டலாம். அவர்கள் வக்கீலுக்குக் காய்ச்சல். மச்சானுக்கு இடுப்புப் பிடிப்பு. பிறகு மச்சானுடைய அம்மா இறந்துபோனார். அடுத்த வருஷம் மறுபடியும் இறந்துபோனார். இரண்டு சாவுக்கும் நடுவில் அந்த அம்மாவை நான் சந்தையில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசக் கண்டேன். மறுபிறவி எடுத்தும் பேரத்தை விடவில்லை. இதைச் சிரிக்காமல் சொல்ல எனக்கு வராது. கோபம் வந்தால் சிரிப்பு வந்துவிடுகிற வியாதி எனக்கு. ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. கருப்புக் கோட்டு ஒன்று எழும், முணுமுணுக்கும். மேலே இருப்பவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் அடுத்த தேதியைச் சொல்வார். தும்மி முடிக்கிற நேரத்தில் ஒரு தாய்க்கு இரண்டு மாதம் போய்விடும்.

பாப்பாவைக் கூட்டி வருவார்கள் என்று நம்பி அக்கா ஒவ்வொரு தடவையும் மலைவாழைப் பழம் கொண்டுவருவாள். தேதி தெரிந்ததுமே தாரைப் பார்த்து வெட்டி, அந்த நாளுக்குச் சரியாகப் பழுக்கும்படி கட்டித் தொங்கவிடுவாள். பழம் தேதி தவறாமல் பழுக்கும், கோர்ட்தான் பழுக்காது. திரும்பிப் போகும் பஸ்ஸில் அந்தச் சீப்பு என் மடிக்கு வரும். “தின்னுடா, வீணாப் போயிரும்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் தின்பேன். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தும் பாதி வளைவிலேயே வாந்தி எடுக்கிற வீரன் என்பதால் பழம் என்னிடமும் தங்காது.

நடுவில் ஓர் உத்தரவு போட்டார்கள். மாதம் ஒரு நாள் தாய் பிள்ளையைப் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் கூட்டி வரவே இல்லை. ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்க ஒரு மனு போட்டோம். அந்த மனுவுக்கும் வாய்தா கேட்டார்கள்.

பிறகு ஒரு நீதிபதி அம்மா வந்தார். கண்டிப்பானவர். இந்தத் தேதியில் குழந்தையைக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்தத் தேதி எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு நடுவில் விழுந்தது. எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் ஊரில் இருப்பவர்கள் எல்லையைத் தாண்டக்கூடாது, வெளியே இருப்பவர்கள் உள்ளே வரக்கூடாது. அந்த வருஷம் முதல் பொங்கல் வைக்கும் முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. எங்கள் வக்கீல், “இதுவும் வாய்தாதாம்மா ஆகும், நீ போயி சாமியக் கும்புடு” என்று சொல்லியிருந்ததால் அக்கா கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டாள். கட்டிய பிறகுதான், குழந்தை வரப்போவது உறுதி என்று சேதி வந்தது. நான் அப்போது அடிவாரத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்ததால் எல்லைக்கு வெளியே மாட்டிக்கொண்டேன். வக்கீலிடம் போனேன்.

“ஒண்ணும் பயப்படாத. வீட்ல ஒரு சாவுன்னு சொல்லி வாய்தா வாங்கிரலாம். ஆரையாவது ஒருத்தரச் சொல்லு.”

போனில் அக்காவிடம் கேட்டேன். “இருக்கறவங்களச் செத்தாங்கன்னு சொல்றதா? காப்புக் கையோடயா? எம் புள்ளைக்காகக்கூட அதச் சொல்ல மாட்டேன் போ” என்றாள்.

“அப்ப என்னையச் சொல்லிருங்க சாமி, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க” என்றேன் வக்கீலிடம்.

“நீதான்டா நாளைக்குக் கோர்ட்டுக்கு வர்றவன்.”

கடைசியில் மறுநாள் கோர்ட்டில் வக்கீல் உள்ளதையே சொன்னார். ஒரு வாரம் கழித்துத் தேதி கொடுங்கள், ஊரில் காப்புக் கட்டியிருக்கிறார்கள் என்றார். எங்கள் பக்கம் கேட்ட முதல் வாய்தா அது. நீதிபதி அம்மா முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். திருவிழாவுக்கெல்லாம் கோர்ட் நிற்காது, மதியத்துக்குள் மனுதாரர் வராவிட்டால் மனு தள்ளுபடி என்றார். பொய்ச்சாவு இரண்டுக்கு நின்ற கோர்ட், ஒரு மஞ்சள் கயிற்றுக்கு நிற்கவில்லை.

அன்று காலை கோர்ட் கேட்டுக்குப் பக்கத்தில் பாப்பாவைப் பார்த்தேன். மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். சிரித்தேன். அவள் அப்பனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எல்லைக்கல்லில் நின்று, ஊர்ப் பெரியவர் பார்க்கவே காப்பை அவிழ்த்து வைத்துவிட்டு, அந்த வழியாகப் போன ஒருவர் பைக்கில் ஏறி வந்துவிட்டாள். மதியம் எங்களைக் கூப்பிட்டபோது அவள் உள்ளே நின்றாள். அவளைப் பார்த்ததும் மச்சான் அவருடைய வக்கீலின் காதைக் கடித்தார். வக்கீல் எழுந்தார். குழந்தைக்குத் திடீரென்று கடுமையான காய்ச்சல், வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், வாய்தா வேண்டும் என்றார்.

அப்போதுதான் நான் வாதாடினேன். “பொய்யுங்க சாமி! காலைல கேட்டுகிட்ட நின்னு பஜ்ஜி தின்னுட்டு இருந்துச்சுங்—” அவ்வளவுதான். டவாலி, சட்டை, தையல்.

வாய்தா கொடுத்தார்கள்.

அக்கா திரும்ப ஊருக்குள் போக முடியவில்லை. திருவிழா முடியும்வரை நான் வேலை செய்த கொட்டகையில், மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவில் தங்கினாள். மலைமேல் அடிக்கிற மேளம் அங்கே கேட்காது. ஆனாலும் கேட்பவள்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷம் மழை தவறியதற்கும் ஊர் அவளைத்தான் சொன்னது. மழைக்கு வாய்தா கொடுத்த நீதிபதி யார் என்று நான் கேட்டேன். என்னோடும் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

இன்றைக்குப் பாப்பா ஏழாம் வகுப்பு. இப்போது இருக்கும் நீதிபதி, இது பழைய வழக்கு, இனி வாய்தா என்ற பேச்சே கிடையாது, குழந்தையையே கேட்டு முடிவு செய்கிறேன் என்று போன தடவை சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் நாங்கள் எந்த வார்த்தைக்காக அலைந்தோமோ அதே வார்த்தை. நான் பஸ் ஸ்டாண்டில் ஆடினேன். ஆட்டம் நன்றாக இருந்ததாகச் சொன்னவர் ஒரு குடிகாரர்.

இன்று காலை பாப்பா நிஜமாகவே வந்துவிட்டாள். எதிர் பெஞ்சில், யூனிபார்மில், அக்காவின் அதே நெற்றியோடு உட்கார்ந்திருக்கிறாள். மச்சான் வக்கீலோடு பேசப் போன நேரம் பார்த்து அக்கா மெதுவாக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

“தண்ணி குடிக்கறயா கண்ணு?”

பாப்பா மரியாதையான பிள்ளை. நிமிர்ந்து பார்த்து, “வேணாங்க ஆன்ட்டி” என்றாள்.

அக்கா பாட்டிலை மூடினாள். எழுந்து நேராக எங்கள் வக்கீலிடம் போனாள்.

“ஏனுங்க, இன்னைக்கு ஒரே ஒரு வாய்தா கேளுங்க.”

“என்னம்மா வெளையாடறயா? இத்தன வருசமா வாய்தா வேண்டாம் வேண்டாம்னு அழுதவ நீ!”

“ரெண்டு மூணு மாசம் போதுங்க. வாரத்துக்கு ஒருநாளு எங்கூட இருக்கட்டும். அப்பறமா கேக்கட்டும், ஆருகூடப் போறேன்னு.”

“சரி, காரணம் என்னன்னு சொல்றது?”

“எம் புள்ளைக்கு என்னைய ஆருன்னு தெரியலீங்க. அதையே சொல்லுங்க.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதத்தாம்மா அவங்களும் சொல்லப் போறாங்க. தாயை அடையாளமே தெரியாத புள்ளைய எப்படிங்கய்யா மலைக்கு அனுப்பறதுன்னு. நாமளே அதச் சொன்னா கேஸ் முடிஞ்சது.”

என் கோபம் இதில்தான் வந்து நிற்கிறது. காய்ச்சல் என்றும் இடுப்புப் பிடிப்பு என்றும் செத்த கிழவி என்றும் அவர்கள் வாங்கியதெல்லாம் தேதி இல்லை. பிள்ளையின் நினைவிலிருந்து ஒரு பொம்பளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிற நேரத்தை வாங்கினார்கள். அதைக் கேட்டவனும் சட்டப்படி கேட்டான், கொடுத்தவரும் சட்டப்படி கொடுத்தார். அழித்து முடித்த பிறகு, பார், அழிந்துவிட்டது என்று அதையே சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தப்போகிறார்கள். இன்றைக்கு உள்ளே போய் அந்தப் பிள்ளை உண்மையைத்தான் சொல்லும். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் சொன்னாலாவது எழுந்து நின்று கத்தலாம். உண்மையைச் சொல்கிற பிள்ளையைப் பார்த்து நான் என்னவென்று—

டவாலி கூப்பிட்டுவிட்டார். அக்கா அதற்கு முன்பே எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறாள்.

“எந்திரிடா. வக்கீலு கேக்காட்டிப் போகுது, நானே கேக்கறேன்.”