துண்டோடு வந்த அதிகாரிகள்

தென்காசியில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கும் இசக்கிச்செல்விக்கு ஊர் இலத்தூர். அவள் அங்கே தும்மினால் செங்கோட்டையில் கிளம்பிய ரயில் கொஞ்சம் தயங்கி நிற்கும். நம்பாதவர்கள் ரயிலிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சாரல் சமயத்தில் அவளிடம் வந்து சேர்ந்தது சுடலைராஜின் விவகாரம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். மனைவி தவறிப்போனதிலிருந்து நாலு வயது அபர்ணாவை எண்ணெய்ப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் தொழில். அத்தனை கூட்டத்தில் பிள்ளை தனியாக இருக்கிறதே என்று யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டுவிட்டார்கள்.

பகலில் பிள்ளை இருக்கப் பத்திரமான இடம் காட்டினால் அப்பாவோடேயே இருக்கட்டும், வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் இல்லத்தில் சேர்க்க வேண்டியதுதான் என்றது குழந்தைகள் நலக்குழு.

"சீசன்ல சம்பாதிச்சாத்தான் எனக்கு வருஷம் ஓடும், மேடம். பிள்ளைய எங்கன கொண்டு விடுவேன்?" என்றார் சுடலைராஜ்.

அருவிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை சும்மா பூட்டிக் கிடந்தது. அறை ஒரு துறையுடையது, பிள்ளை பார்க்கும் ஆயா இன்னொரு துறை, காவலுக்குப் போலீஸ். அறைக்காரர் ஆயா வரட்டும் என்றார். ஆயாவை அனுப்பும் அம்மா போலீஸ் வரட்டும் என்றார். போலீஸ் அறை திறக்கட்டும் என்றது. இசக்கிச்செல்வி மூவரையும் தென்காசிக்குக் கூட்டம் போட்டுக் கூப்பிட்டாள். ஒரு ஆள்கூட வரவில்லை. நாற்காலிகளுக்கே டீ கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள், "கூட்டம் குற்றாலம் மெயின் அருவிக்கரையில்" என்று சொல்லிவிட்டாள்.

சாரல் நேரத்தில் அப்படிக் கூப்பிட்டால் எந்த அதிகாரிக்குக் கால் நிற்கும்? மூவரும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். அறைக்காரர் நல்லகண்ணு தோளில் துண்டு. இன்ஸ்பெக்டர் உமாதேவி கையில் சீயக்காய்ப் பொட்டலம்.

"குளிச்சிட்டுப் பேசுவோமே," என்றார் நல்லகண்ணு.

"பேசிட்டுக் குளிங்க, சார். குளிச்சாப் பசிக்கும், சாப்பிட்டா உறக்கம் வரும். பொறவு அடுத்த சாரல்லதான் உங்களப் பிடிக்க முடியும்," என்றாள் இசக்கிச்செல்வி.

அந்த நேரம் பார்த்து அப்பாவின் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்த அபர்ணா நல்லகண்ணுவின் வழுக்கையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "தலைக்கு மட்டுமா, உடம்புக்கும் சேத்தா, அண்ணாச்சி?"

உமாதேவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நல்லகண்ணு சிரிக்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்குச் சாவி தாரேன்," என்றார். அவர் சொன்னபிறகு மற்ற இருவரும் பின்வாங்க முடியுமா? ஆயா சாயங்காலம் வரை இருப்பாள் என்று முடிவானது. கூட்டம் ஏறும் நேரத்தில் ஒரு பெண் போலீஸ் வாசலில் நிற்பார். அதுவரை அருவியும் சத்தம் குறைத்துத்தான் விழுந்தது.

வியாழக்கிழமை அறை திறந்தது; நலக்குழுவுக்கும் காட்டியாயிற்று. சோளக்கதிர் விற்கிறவர்களின் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். இரண்டாம் நாள் பொழுது சாய சுடலைராஜிடமிருந்து போன்.

"மேடம், இவ வீட்டுக்கு வரமாட்டேங்கா. இங்கனயே இருக்கேன்னு அழுதா."

"அதுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு திட்டமும் இல்ல, அண்ணாச்சி," என்றாள் இசக்கிச்செல்வி. "உங்க பிள்ள, நீங்கதான் தூக்கிட்டுப் போகணும்."