அந்த அம்மா ஏன் ஜன்னலை மூடினாள்

கள்ளக்குறிச்சியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்த புதிதில், கைடை மனப்பாடம் செய்துதான் நான் பரீட்சை எழுதினேன். பாடத்தில் இருந்த ஒரு சிறுகதையைப் பற்றிய கேள்விக்கு ஆறு பக்கம் நிரப்பினேன். இருபத்தைந்துக்கு ஏழு வந்தது. ஓரத்தில் மேடம் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "கதையைப் படித்தாயா?"

படிக்கவில்லை. என் பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் ஏழுதான், அதே வரிதான். அவள் கரியாலூர்க்காரி, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள், சனிக்கிழமைகளில் மலைமேல் இருக்கும் தன் ஊருக்குப் போவாள்.

"ரெண்டு பேருக்கும் சேத்து பதினாலுடி, பரவால்லியே" என்று சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை, பேருந்து நிலையத்தில் அவளுடைய பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கதையை முதன்முறையாகப் படித்தோம். நாலே பக்கம். மகள் வேலைக்காக வெளியூர் புறப்படுகிறாள். வழியனுப்ப வராமல் அம்மா ஜன்னலை மூடிக்கொள்கிறாள்.

"பொண்ணு மேல கோவம், அதான் மூடிட்டா" என்றேன்.

"இல்லடி. அழுவுறத பொண்ணு பாக்கக் கூடாதுன்னு மூடுறா."

"அழுவுறான்னு எங்க போட்டிருக்குது? காட்டு."

கடைசிப் பத்தியில் விரலை வைத்தாள். "ஒரு விரக்கடை தொறந்தே வெச்சிருக்கா பாரு. கோவம்னா முழுசா மூட மாட்டாளா?"

நான் விடவில்லை. முதல் பக்கத்தில் மகள் கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் அம்மா பதிலே சொல்லவில்லை என்று காட்டினேன். சத்தம் கூடியது. கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அக்கா கூடையை இறக்கிவைத்தார்.

"யாரு வூட்டு சண்டைம்மா பேசிக்கினு இருக்கீங்க?"

கதை என்றதும் முழுதும் சொல்லச் சொல்லிக் கேட்டார். "அந்தப் பொண்ணு நல்லபடியா போயி சேந்துச்சா?" என்றார். அது கதையில் இல்லை. "இன்னா கதை இது!" என்று அலுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அதற்குள் மலை பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் தோழியை வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். சோறு போட்டுக்கொண்டே கதையைக் கேட்ட என் அம்மா அவள் பக்கம் சேர்ந்துவிட்டார். எங்கள் துணிக்கடையிலிருந்து சாப்பிட வந்த அத்தா மட்டும் என் கட்சி.

அடுத்த தேர்விலும் அதே கதை. இம்முறை முதல் வரியிலேயே அது கோபம்தான் என்று எழுதினேன். பிறகு அந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அலசினேன். திறந்திருந்த இடுக்கு மட்டும் உறுத்தியது. அதை மறைக்காமல், கோபத்துக்குள்ளும் பாசம் இருந்தது என்று ஒப்புக்கொண்டேன். சின்னச் சின்ன வாக்கியங்கள்தான், ஆனால் என்னுடையவை. இரண்டரைப் பக்கத்தில் முடிந்துபோனதில் பயமாக இருந்தது.

மேடம் எங்கள் இருவரின் விடைகளையும் வகுப்பில் படித்துக்காட்டினார். ஒன்றுக்கொன்று நேர் எதிர், இரண்டுக்கும் பத்தொன்பது.

"எது மேடம் கரெக்ட்டு?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள். மேடம் வாயைத் திறப்பதற்குள் வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தத் தொடங்கியது. மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

"எனக்கு ஒரு மார்க்காவது ஜாஸ்தி போட்டிருக்கணும்டி" என்று ஹாஸ்டல் வாசல் வரை தோழி புலம்பிக்கொண்டே வந்தாள்.